நான்கு உள்ளங்கை ரப்பர்

தொண்டூரிலிருந்து செஞ்சிக்கு வந்து, தேசிய நெடுஞ்சாலை 77-ஐப் பிடித்துத் திருவண்ணாமலைக்குப் போகும் ஒரு குடும்ப எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் வண்டியின் மொத்த எடை ஏறக்குறைய 1,700 கிலோ. ஒரு சக்கரத்தின் பங்கு 425 கிலோ. டயரில் 33 பிஎஸ்ஐ காற்று இருந்தால், தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 2.3 கிலோவைத் தாங்கும். வகுத்துப் பாருங்கள்: ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் 180 சதுர சென்டிமீட்டர் சொச்சம்தான். விரல்களோடு விரித்த ஒரு கை அவ்வளவு இருக்கும். வளைவில் திரும்புவதும், குறுக்கே மாடு வந்தால் நிற்பதும் அந்த நான்கு கைகளின் பிடியில்தான்.

அந்தப் பிடி எப்படிக் கிடைக்கிறது? தொண்டூரில் சமணர் படுக்கைகள் வெட்டிய பாறையைத் தடவிப் பார்த்தவர்களுக்குக் கருங்கல்லின் சொரசொரப்பு தெரியும். தார்ச் சாலையில் கிடக்கும் ஜல்லியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் மேடுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத மேடுகள். ரப்பர் அந்த நுண்மேடுகளுக்குள் அமுங்கி இறங்குகிறது. விடுபட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஆனால் உடனே திரும்புவதில்லை, சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு அந்த இழப்புக்குத்தான்.

இங்கேதான் டயர் வேதியியலின் அழகு இருக்கிறது. அதே ஆற்றல் இழப்பு, வண்டி நேராக ஓடும்போது டீசலைத் தின்னும். பிடிப்புக்கு இழப்பு வேண்டும்; மைலேஜுக்கு இழப்பு கூடாது. இரண்டையும் ஒரே ரப்பரில் எப்படித் தருவது? மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 17 அங்குல ரிம் போட்ட டயர் நொடிக்குச் சுமார் 13 முறைதான் சுழலும். அத்தனை முறைதான் அமுங்கி எழும். பிரேக் பிடிக்கும்போது நுண்மேடுகள் மேல் ரப்பர் அதிர்வதோ நொடிக்குப் பல்லாயிரம் முறை. மெதுவான அசைவில் குறைவாகவும் வேகமான அதிர்வில் அதிகமாகவும் ஆற்றலை இழக்கும்படி கலவையைச் செய்துவிட்டால் போதும். வழக்கமான கார்பன் கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்து, 1990-களின் தொடக்கத்தில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் எல்லா டயரும் கருப்பு. வித்தியாசம் உள்ளே இருக்கிறது.

மழை வந்தால் கணக்கு மாறுகிறது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் வெளியே போகவே கூடாது. ஆனால் சாதாரண ஐப்பசி மழையிலும் சாலையில் சில மில்லிமீட்டர் நீர் நிற்கும். டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டிகளுக்கு, அதாவது பட்டன்களுக்கு, நடுவே உள்ள பள்ளங்கள் அந்த நீரை வாங்கி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகம் வந்ததும் டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும். ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிடும். விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் கண்ட சூத்திரத்தின்படி, 33 பிஎஸ்ஐ டயர் தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்குவது மணிக்குச் சுமார் 95 கி.மீ. வேகத்தில். காற்று குறைந்தால் அந்த வேகமும் குறையும். பட்டன் நன்றாக இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மொட்டை டயருக்கு அந்த அவகாசம் இல்லை.

புது டயரில் பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ. வாக்கில் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமானால் மிச்சம் 1.6 மி.மீ. அதுதான் சட்டம் வைத்த எல்லை. நம் ஊர் வடகிழக்குப் பருவமழைக்கு அது போதாது என்பது என் கருத்து. 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள்.

கடையில் டயரைக் காட்டினால் முதலில் பக்கச் சுவரைப் படியுங்கள். 215/60 ஆர்17 96எச் என்றிருந்தால், அகலம் 215 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம்; ரேடியல் வகை; ரிம் 17 அங்குலம்; 96 என்ற சுமை எண்ணின்படி ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும்; எச் என்றால் உச்ச வேகம் மணிக்கு 210 கி.மீ. வண்டிக் கதவோரம் ஒட்டியுள்ள அளவோடு இது பொருந்த வேண்டும். சுமை எண் ஒரு படிகூடக் குறையக் கூடாது. தோற்றத்துக்காக அகலத்தைக் கூட்டுவது வேண்டாம். மழையில் அகலமான டயருக்கு ஒதுக்க வேண்டிய நீரும் அதிகம்.

அடுத்து, நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. ரப்பர் ஓடாமலே முதுமையடையும். காற்றிலுள்ள ஓசோன் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். அதைத் தடுக்க மெழுகும் பாதுகாப்பு வேதிப்பொருளும் கலந்திருப்பார்கள்; டயர் சுழன்று வளையும்போது அவை மெல்லக் கசிந்து மேலே வந்து காக்கும். பக்கச் சுவரில் படியும் பழுப்பு நிறம் அதுதான். வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் இந்தக் கசிவு குறைந்து வெடிப்பு விடும். ஆண்டுக்கு ஐயாயிரம் கி.மீ. மட்டும் ஓடும் வண்டியின் டயரில் பட்டன் நிறைய இருந்தாலும், ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடா வருடம் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டானால் ஸ்டெப்னி உட்படக் கழற்றிவிட வேண்டும்.

காசு இடிக்கிறது, இரண்டு மட்டும் வாங்குகிறோம் என்றால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். பல கடைகளில் முன்னால்தான் போடுவார்கள். ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். அதைத் திருத்தப் பயிற்சி பெற்ற ஓட்டுநரே திணறுவார்.

எம்ஆர்எஃப் திருவொற்றியூரில் தொடங்கியது; அப்போலோவுக்கு ஒரகடத்திலும், சியட்டுக்கும் ஜேகேவுக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் ஆலைகள் உண்டு. எதை வாங்குவது என்பது உங்கள் விருப்பம். தார்ச் சாலையிலேயே ஓடும் வண்டிக்குச் சேற்றுக்கான முரட்டுப் பட்டன் தேவையில்லை. ஈரப் பிடிப்பு எப்படி என்று கேட்டு வாங்குங்கள். நைட்ரஜனுக்குத் தனிச் செலவும் அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மாதம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன், காலைக் குளிர்ச்சியில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே டயரை மாற்றிவிடுங்கள்.