நாணயத்தாளிலும் சுவரிலும் காட்டுயிர்

பொது இடத்து ஓவியம் எனப்படுவது, காட்சிக்கூடத்தின் வாசலை மிதித்திராதவரும் வழிப்போக்கில் காணக்கூடிய கலையாகும். தெருச்சுவர், அலுவலக முகப்பு, விடுதியின் படிக்கட்டு என எங்கும் அது இடம்பெறலாம். அங்கே காட்டுயிர்களை வரைபவருக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது. போகிறவரை நின்று பார்க்க வைக்கும் அழகும் வேண்டும். வரையப்பட்டது எந்த உயிர், எந்த நிலத்துக்கு உரியது என்பதில் பிழையும் நேரக்கூடாது. இலங்கையில் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றியவர்களுள் லக்கி சேனாநாயக்க (1937–2021) முதன்மையானவர். ஓவியர், சிற்பி, பத்திக் கலைஞர் எனப் பல துறைகளில் இயங்கிய அவரைச் சுவரோவியர் என்ற ஒற்றைப் பெயருக்குள் அடக்க இயலாதெனினும், கொழும்பின் சுவர்களில் இன்று தூரிகை பிடிப்பவர்கள் முதலில் அறியவேண்டிய தொழில்வாழ்வு அவருடையதே.

1960களின் தொடக்கத்தில் அவர் பணியாற்றியது, கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் எட்வேட்ஸ், றீட் அன்ட் பெக் நிறுவனத்தில், படவரைஞராக. அதாவது கட்டடத்தின் அமைப்பை அளவுப்படி தாளில் வரைந்து தருபவராக. வழக்கமான கட்டட வரைபடத்தில் மரம் என்பது வெறும் வட்டமாகவே குறிக்கப்படும். லக்கியும் அவருடன் பணியாற்றிய இஸ்மெத் ரஹீமும் வளர்த்தெடுத்த வரைமுறையிலோ, மனையில் ஏற்கெனவே நின்ற மரம் அதன் கிளைப்போக்கும் இலையமைப்பும் தெரிய வரையப்பட்டது. இன்ன மரம் என்று பெயர் சொல்லத்தக்க ஒன்றை வெட்டிச் சாய்ப்பது, வட்டமொன்றை அழிப்பதைப்போல அத்தனை எளிதன்று. சூழலியல் என்ற சொல் பொதுவழக்குக்கு வருமுன்பே அந்த வரைமேசையில் அதன் அடிப்படை பழகப்பட்டது என்று கூறினால் அது மிகையாகாது.

அந்தப் பயிற்சியின் பயன் நாடு முழுவதற்கும் கிடைத்தது 1979இல். அதற்கு முந்தைய நாணயத்தாள்களில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் உருவமும், பராக்கிரமபாகு மன்னனுடையதெனக் கருதப்படும் பொலன்னறுவைச் சிலையும் இடம்பெற்றிருந்தன. அந்த ஆண்டில் இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட 2, 5, 10, 20, 50, 100 ரூபா தாள்களை லக்கி வடிவமைத்தபோது, தலைவரும் மன்னரும் விலகிக்கொள்ள, மீனும் ஓணானும் அணிலும் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் அவ்விடத்துக்கு வந்தன. தாளின் முன்பக்கம் கிடையாகவும் பின்பக்கம் நெடுக்காகவும் அமைந்தமையால், செடிகொடிகள் நிமிர்ந்து நிற்க இடம் கிடைத்தது. கொடியிலும் பாடப்புத்தகத்திலும் ஏற்கெனவே புகழ்பெற்ற சிங்கத்தையும் யானையையும் நாடாமல், காட்டின் நிழலில் வாழும் சிற்றுயிர்களைத் தேர்ந்ததே இத்தொடரின் துணிவு. எழுதப்படிக்கத் தெரியாதவரின் மடியிலும் சட்டைப்பையிலும் தங்கிய இந்த ஓவியங்களுக்கு நிகரான பார்வையாளர் தொகை எந்தச் சுவருக்கும் வாய்த்ததில்லை. ஆயினும் 1982இலேயே தொல்பொருட் சின்னங்கள் கொண்ட புதிய தொடர் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னர் 2011இல் வெளிவந்த 20 ரூபா தாளில், 2001இல் கண்டறியப்பட்டு 2004இல்தான் அறிவியல் பெயர் பெற்ற செரண்டிப் சிற்றாந்தை இடம்பிடித்தது.

லக்கியின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவதும் ஓர் ஆந்தைதான். தம்புள்ளைக்கு அருகே 1994இல் திறக்கப்பட்ட கண்டலம விடுதியின் படிக்கட்டுக்கு மேலே, சிறகு விரித்து இரைமீது பாய்வதுபோன்ற உலோக ஆந்தையை அவர் நிறுவினார். ஏறி வருபவர் தலைநிமிர்ந்ததும், பார்க்கப்படுவது தாமே என்று உணரும்படி அது அமைந்திருக்கிறது. இதில் ஒரு முரணும் உண்டு. கண்டலமக் குளத்தருகே இவ்விடுதி எழுவதைப் பௌத்த துறவிகளும் சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தனர். காட்டுயிரைப் போற்றும் கலை, காட்டோரத்தில் எழும் கட்டடத்துக்கு அணியாகவும் அமையக்கூடும் என்பதை அந்த ஆந்தை மறைக்கவில்லை. லக்கியோ, தம்புள்ளைப் பகுதியிலேயே தியபுபுல என்னுமிடத்தில் மரங்களை அடர்ந்து வளரவிட்டு, நீர்நிலைகளுக்கிடையே தமது வாழிடத்தை அமைத்துக்கொண்டார்.

சுவரையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவருக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் வைலண்ட். 1981இல் கலிபோர்னியாவின் லகுனா கடற்கரையில் தாய்த்திமிங்கிலத்தையும் கன்றையும் உயிரளவில் வரையத் தொடங்கிய அவர், 2008இல் பெய்ஜிங்கில் தமது 100ஆவது சுவரை நிறைவு செய்தார். டெட்ரொய்ட் நகரத்தின் உயர்ந்த கட்டடமொன்றில் 1997இல் அவர் தீட்டிய திமிங்கிலங்களைப் பின்னாளில் விளம்பரத் திரைகள் மூடின. சுவர் ஓவியருடையது அன்று என்பது இத்தொழிலின் நிலையான இடர்ப்பாடு.

கொழும்பில் அவ்விடரோடு தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொள்கிறது. சுவருக்குள் ஊறும் ஈரம், சாந்திலுள்ள உப்பைப் புறத்தே தள்ளி, வண்ணப்பூச்சைச் செதிலாக உரியச் செய்யும். நிழல்பட்ட பகுதியில் பாசி படரும். 2019 இறுதியில், ஜனாதிபதித் தேர்தலைத் தொடர்ந்து நாடெங்கும் இளைஞர்கள் தீட்டிய சுவர்களில் மன்னர்களுக்கும் படைவீரர்களுக்கும் இடையே விலங்குகளும் இடம்பெற்றன. ஆனால் நகரத்தின் சொந்த உயிர்கள் வேறு. ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ், 2018இல் கொழும்பு ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது. அதன் சதுப்புகளுள் கொலன்னாவையும் ஒன்று. கொழும்புச் சுவருக்கு உரிய உயிரைத் தேடுவோர் அந்த ஈரநிலங்களில் வாழும் மீன்பிடிப் பூனையைக் கருதலாம்: சாம்பல் கலந்த பழுப்பு மேனி, வரிசைப்பட்ட கரும்புள்ளிகள், உடலுக்குக் குட்டையான வால், விரல்களிடையே ஓரளவு சவ்வு. வாலைச் சற்று நீட்டி, மேனியைப் பொன்னிறமாக்கிவிட்டால் அது சிறுத்தைக்குட்டியாகிவிடும். நேரில் காண்பவர்களே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு என்பதால், சுவரோவியர் சாரத்தில் ஏறுமுன் அந்த வாலின் நீளத்தைச் சரிபார்த்தாக வேண்டும்.