மெய்நிகர் இயந்திரங்களும் முறைவழியாக்கியின் நிலைகாப்பும்: ஒரு விளக்கம்

கணினித் துறையில் இன்று செல்வாக்குப் பெற்றுள்ள சொற்களுள் ‘மேகம்’ என்பதும் ஒன்று. வங்கிக் கணக்குகளும் அரச கோவைகளும் மேகத்தில் உள்ளன என்கிறோம். நமது நாட்டிலும் அரச நிறுவனங்களுக்கென ‘இலங்கை அரசாங்க மேகம்’ அமைக்கப்பட்டுள்ளது. உருவகம் விளக்கவும் வல்லது, மறைக்கவும் வல்லது. மேகம் எனப்படுவது, எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கப்பட்ட இயந்திரங்களின் தொகுதியே. ஒருவரையொருவர் அறியாத பலர் அவ்வியந்திரங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களைப் பிரித்துவைப்பது சுவரன்று. இடையறாது செய்யப்படும் ஒரு வேலை. அவ்வேலை எத்தகையது, அதிற் சிக்கனம் பிடித்தால் நேர்வது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகத் தோன்றச் செய்யும் முறை புதியதன்று. கணினி நேரம் பெருவிலை பெற்றிருந்த 1960களில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜிலிருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையம் இதனைச் செய்துகாட்டியது. 1972இல் இம்முறை விற்பனைப் பொருளாயிற்று. 1974இல் பொப்பெக், கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் இதற்கான கோட்பாட்டு நிபந்தனைகளை வகுத்தனர். 1999இல் வி.எம்.வெயார் நிறுவனம் சாதாரண மேசைக் கணினிக்கும் இதனைக் கொண்டுவந்தது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏ.எம்.டி.யும் இதற்கான வசதியை முறைவழியாக்கியினுள்ளேயே அமைத்தன.

இதன் இயக்கத்தை நம்மூர்ப் பக்கத்து எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். சாய்ந்தமருதுக்கு வடக்கே, கல்முனைக்கு அப்பாலுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு ஒரே தறியில் இரு நெசவாளர் மாறி மாறி வெவ்வேறு புடைவைகளை நெய்யவேண்டியிருப்பதாகக் கொள்வோம். முதலாமவர் எழும்போது எந்த இழையில் நிறுத்தினார், எந்த மிதியை இறுதியாக மிதித்தார், நாடாவில் எந்நிற நூல் இருந்தது என்பனவெல்லாம் குறித்துவைக்கப்படல் வேண்டும். மீண்டும் அவர் அமரும்போது தறி அதே நிலையில் இருத்தல் வேண்டும். இடையில் தறியை வேறொருவர் கையாண்டார் என்பதையே அவர் அறியலாகாது.

முறைவழியாக்கியின் ‘நிலை’ என்பது இத்தகையதே. கணிப்பின்போது பெறுமானங்கள் பதிவகங்கள் எனும் சிற்றறைகளில் இருக்கும். விருந்தினரான மெய்நிகர் இயந்திரம் நிறுத்தப்பட்டு, விருந்தோம்பியான மூல இயந்திரத்திடம் கட்டுப்பாடு திரும்பும் ஒவ்வொரு முறையும், விருந்தினரின் நிலை நினைவகத்திற் காக்கப்பட்டு விருந்தோம்பியின் நிலை மீட்கப்படுகின்றது. இன்டெல் அமைப்பில் இவ்வேலை இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளது. அடுத்த கட்டளை எது என்பதைச் சுட்டும் பதிவகத்தையும் கட்டுப்பாட்டுப் பதிவகங்களையும் வன்பொருளே காக்கின்றது. 16 பொதுப் பதிவகங்களுள் அடுக்குச் சுட்டி தவிர்ந்த 15உம் மேற்பார்வை மென்பொருளின் பொறுப்பாகும்.

தசமக் கணிப்புக்கும் திசையன் கணிப்புக்கும் உரிய பெரும் பதிவகங்களும் மென்பொருளின் பொறுப்பே. 16 பொதுப் பதிவகங்களும் சேர்ந்து 128 பைற்றுகளே. ஆனால் 512 பிற்று அகலமுள்ள 32 திசையன் பதிவகங்கள் 2048 பைற்றுகளாகும். இவற்றை ஒவ்வொரு தடவையும் காத்து மீட்பது நேரத்தை விழுங்கும். மேகத்தின் உடைமையாளர் விற்பதோ அந்நேரத்தையே. ஆகவே, பொறியியலாளர் தாமே ‘சோம்பல் முறை’ எனப் பெயரிட்ட வழியொன்று வழக்கில் இருந்தது: முன்னவரின் பெறுமானங்களை அகற்றாது விட்டு, பின்னவர் அப்பதிவகங்களைத் தொட முனைந்தால் மட்டும் தடுத்து, அப்போது மாற்றுதல். பின்னவருக்கு நாடா தேவைப்படாமலே போகலாம் என்ற நம்பிக்கையில், முன்னவரின் நூலை அதிலேயே விட்டுவைப்பது போன்றது இது.

2018 யூன் மாதத்தில் இந்நம்பிக்கையின் பலவீனம் வெளிப்பட்டது. இன்டெல்லின் முறைவழியாக்கிகள் வேகத்தின் பொருட்டுக் கட்டளைகளை ஊகமாக முன்கூட்டியே இயக்குகின்றன. தடை செயற்படுமுன்னரே முன்னவரின் பெறுமானம் ஊக இயக்கத்துள் நுழைந்துவிடுகின்றது. பின்னர் விளைவு கைவிடப்பட்டாலும், அதன் சுவடு பதுக்கு நினைவகத்தில் எஞ்சுகின்றது. நேரத்தை அளந்து அச்சுவட்டைப் படிக்கலாம். மறைகுறியாக்கத்தின் இரகசியச் சாவிகள் கணிக்கப்படும் இடம் இப்பதிவகங்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. சாய்ந்தமருதில் ஒருவர் கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது, தொலைவிலுள்ள சேவையகத்தில் அவருக்காகப் பயன்படும் சாவியும் அத்தகையதே. பரிகாரம் எளிது: எப்போதும் முழுமையாக மாற்றுவது. லினக்ஸ் 2016இலேயே சோம்பல் முறையைத் தன் இயல்பு வழக்கினின்று நீக்கியிருந்தது. புதிய நிரல்கள் அப்பதிவகங்களை அடிக்கடி பயன்படுத்தியமையால், எதிர்பார்த்த சேமிப்பே அருகிவிட்டமை அதற்கொரு காரணமாகும்.

இதனைத் தனிப்பட்ட பொறியியலாளரின் தவறாகக் கொள்வது மேலோட்டமான நோக்காகும். பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துத் தனித்தியங்கும் பொருளாகத் தோன்றுவதை 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். மெய்நிகர் இயந்திரமும் தனித்தது போலத் தோற்றமளிக்கின்றது. அத்தனிமை இயற்கையானதன்று, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உற்பத்தி செய்யப்படுவது. அவ்வுற்பத்தியில் நேரம் குறைக்கப்படும்போது இலாபம் உடைமையாளரைச் சேர, ஆபத்து பயனாளரைச் சேர்கின்றது. லினக்ஸின் மூலநிரலை எவரும் படிக்கலாம். வாடகைக்கு விடப்படும் மேகத்தின் உள்ளே நிகழ்வதை வாடகையாளர் அவ்வாறு காண இயலாது. நமது மக்களின் கோவைகள் யாருடைய இயந்திரத்தில், யாருடைய அயலில், எவ்வகைக் காப்புடன் உள்ளன என வினவும் உரிமை, தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரியதன்று. அவ்வினாவை எழுப்புவதற்கு முதற்படி, மேகம் என்ற உருவகத்தை அவிழ்ப்பதே.