தீ விபத்தில் சொத்து இழப்பும் இழப்பீடும்

பிறருடைய கவனக்குறைவாலோ, குறையுள்ள பொருளாலோ ஏற்பட்ட தீயில் வீடு, கடை, சரக்கு, இயந்திரம் முதலியவற்றை இழந்தவர், அந்த இழப்பைச் சட்டப்படி பணமாகத் திரும்பப் பெறும் உரிமையே தீ விபத்துச் சொத்து இழப்பீடு ஆகும். இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. தீங்கியல் சட்டம், இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872), நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019), காப்பீட்டு ஒப்பந்தம் ஆகிய நான்கிலும் இவ்வுரிமை பரவிக் கிடக்கிறது. எந்த வழியில் சென்றாலும் இரண்டு கேள்விகள் எழும். தீ எங்கே தொடங்கியது? அந்த இடமோ பொருளோ யாருடைய பொறுப்பில் இருந்தது?

உள்ளூர்ப் பின்னணி

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இராஜபாளையம் பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. அதனருகே உள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறி நெசவுக்கும் பால்கோவாவுக்கும் அறியப்பட்ட ஊர். இவ்வூர்களுக்குக் கிழக்கே சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள் நடக்கின்றன.

பஞ்சும் நூலும் எளிதில் தீப்பற்றுபவை. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பகுதியில், பஞ்சோடு வரும் சிறு இரும்புத் துண்டு சுழலும் இயந்திரத்தில் உரசினாலே பொறி பறக்கும். சுவரிலும் மின்பெட்டியிலும் படியும் பஞ்சுத் தூசி தீயை நொடியில் பரப்பும். சிறிய தறிக்கூடம் வைத்திருப்பவருக்கு ஓர் இரவுத் தீயில் வாழ்நாள் சேமிப்பே போய்விடக்கூடும்.

‘மின்கசிவு’ என்ற சொல்

தீ விபத்துச் செய்திகள் பலவும் ‘மின்கசிவு காரணமாக’ என்று முடிகின்றன. பேச்சு வழக்கில் இச்சொல் குறுக்குச் சுற்று, அதிகச் சுமை, தளர்ந்த இணைப்பு, காப்புறை கிழிந்த கம்பி ஆகிய அனைத்தையும் குறிக்கிறது. ஆனால் இழப்பீட்டைப் பொறுத்தவரை இந்தச் சொல் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. அதன் பின்னால் உள்ள காரணத்தைப் பொறுத்தே பொறுப்பாளி மாறுகிறார்.

- மீட்டருக்கு முந்தைய கம்பியிலோ மின்கம்பத்திலோ கோளாறு என்றால் கேள்வி மின்வாரியத்தை நோக்கிச் செல்லும்.
- மீட்டருக்குப் பிந்தைய கம்பி வேலை என்றால் கட்டட உரிமையாளரோ, வேலை செய்த ஒப்பந்ததாரரோ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.
- குளிர்பதனப் பெட்டி, பேட்டரி, மின்மோட்டார் போன்ற பொருளே எரிந்திருந்தால் அதைத் தயாரித்தவர் பொறுப்பாகலாம்.
- பக்கத்துக் கிடங்கில் தொடங்கிய தீ பரவியிருந்தால் அதன் உரிமையாளர் போதிய கவனம் எடுத்தாரா என்று பார்க்கப்படும்.
- பாதிக்கப்பட்டவரே தாங்கும் அளவுக்கு மேல் இயந்திரங்களை இணைத்திருந்தால், அவருடைய பங்குக்கேற்ப இழப்பீடு குறையலாம்.

ஆகவே தீயணைப்புத் துறையின் அறிக்கையில் ‘மின்கசிவு’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால், தீ தொடங்கிய இடத்தையும் காரணத்தையும் வேறு சான்றுகளால் நிறுவ வேண்டிவரும்.

பொறுப்பின் வகைகள்

கவனக்குறைவு: எதிர்த்தரப்புக்குக் கவனம் எடுக்கும் கடமை இருந்தது, அக்கடமை மீறப்பட்டது, அதனால் சேதம் உண்டானது என்ற மூன்றையும் வழக்குத் தொடுப்பவர் காட்ட வேண்டும். சில நிகழ்வுகள் கவனக்குறைவு இன்றி நடக்க வாய்ப்பில்லாதவை. அங்கே நிகழ்வே சாட்சியாகக் கொள்ளப்படும். ஷியாம் சுந்தர் – இராஜஸ்தான் அரசு வழக்கில் (1974), ரேடியேட்டர் சூடேறிய அரசு லாரி ஓடும்போதே தீப்பிடித்தது. நல்ல நிலையில் உள்ள வண்டி அவ்வாறு தீப்பற்றாது என்று கொண்டு, உச்ச நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. அது உயிரிழப்பு வழக்கு. ஆயினும் அதன் தத்துவம் சொத்து இழப்புக்கும் பொருந்தும்.

கவனக்குறைவைக் காட்டத் தேவையில்லாத பொறுப்பு: ஆபத்தான ஒன்றைத் தன் இடத்தில் வைத்திருப்பவர், அது வெளியேறி விளைவிக்கும் தீங்குக்குப் பொறுப்பு என்பது 1868இல் இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் – பிளெட்சர் வழக்கில் உறுதியான கொள்கை. டெல்லி ஓலியம் வாயுக் கசிவை அடுத்து, எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் கடுமையாக்கியது. அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு எந்த விதிவிலக்கும் இல்லை என்றது. அறுந்து விழுந்த மின்கம்பியால் ஒருவர் இறந்த வழக்கில், மின்சாரம் வழங்கும் அமைப்புக்கும் கண்டிப்பான பொறுப்பு உண்டு என 2002இல் தீர்ப்பளித்தது (மத்தியப் பிரதேச மின்வாரியம் – ஷைல் குமாரி).

வெடிபொருள் ஆலைகளைப் பொறுத்தவரை இக்கொள்கைக்கு விருதுநகர் மாவட்டமே எடுத்துக்காட்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துத் தீப்பிடித்ததில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரித்தது. அபாயப் பொருள்களால் நேர்ந்த விபத்தில் சொத்துச் சேதத்துக்கும் இத்தீர்ப்பாயத்தை அணுகலாம். அதற்கான காலவரம்பு 5 ஆண்டுகள்.

குறையுள்ள பொருள்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் பொருள் பொறுப்பைப் பற்றியவை. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராமை ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. இதில் ஒரு நுட்பம் உண்டு. பொருளால் மற்றச் சொத்துக்கு ஏற்பட்ட சேதமே இப்பிரிவுகளில் ‘தீங்கு’ எனப்படும். குளிர்பதனப் பெட்டி எரிந்து வீடு சேதமானால் வீட்டுச் சேதம் இதன்கீழ் வரும். பெட்டியின் விலையைக் குறையுள்ள பொருள் என்ற சாதாரண நுகர்வோர் புகாராகக் கோர வேண்டும். வியாபார வருமான இழப்பு இப்பிரிவுகளில் சேராது. பொருளை மாற்றியமைத்தோ தவறாகவோ பயன்படுத்தியிருந்தால் கோரிக்கை நிற்காது.

பிறர் சரக்கை வைத்திருப்பவர்: தறிக்கூடங்கள் பலவும் கூலிக்கு நெய்பவை. நூல் கொடுத்தவருடையது, தறி நெய்பவருடையது. தீயில் நூல் எரிந்தால் அந்த நட்டம் யாரைச் சேரும்? ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152ஆம் பிரிவுகளின்படி, பொருளை வாங்கி வைத்திருப்பவர் தன் சொந்தப் பொருளைக் காக்கும் அளவு கவனம் எடுத்திருந்தால் போதும், அவர் பொறுப்பாக மாட்டார். ஆனால் அத்தகைய கவனம் எடுத்ததை அவர்தான் காட்ட வேண்டும். லாரி நிறுவனங்களுக்கு விதி இன்னும் கடுமை. பட்டேல் ரோடுவேஸ் – பிர்லா யமஹா வழக்கில் (2000), போக்குவரத்து நிறுவனக் கிடங்கில் எரிந்த சரக்குக்கு அந்நிறுவனமே பொறுப்பு என்றும், சரக்கு அனுப்பியவர் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

காப்பீடு

தீக் காப்பீடு இருந்தால் முதலில் அங்கே கோருவதே விரைவான வழி. உரிமையாளரின் சாதாரணக் கவனக்குறைவால் தீ நேர்ந்திருந்தாலும் காப்பீடு பொருந்தும். வேண்டுமென்றே வைத்த தீக்குப் பொருந்தாது. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’, 5 கோடி ரூபாய் வரையிலான சிறு தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவடிவப் பாலிசிகள் நடைமுறையில் உள்ளன.

சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் காப்பீடு செய்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையலாம். 10 லட்சம் ரூபாய் சரக்கை 6 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்து 4 லட்சம் சேதமானால், சராசரி விதிப்படி கிடைப்பது 2 லட்சத்து 40 ஆயிரம் மட்டுமே.

கர்நாடகத்தில் 2014இல் ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்து விவசாயிகள் சேமித்திருந்த விளைபொருள்கள் அழிந்தன. காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. கனரா வங்கி – யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் வழக்கில் (2020), பாலிசி எடுத்தவர் கிடங்குக்காரர் ஆயினும் விவசாயிகளும் நுகர்வோரே என்று கூறி, உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது. காப்பீட்டு மதிப்பீட்டாளரின் அறிக்கை முக்கியமானது, ஆனால் இறுதியானது அன்று என்பதும் 2009இல் தீர்ப்பான கொள்கை (நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் – பிரதீப் குமார்).

காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தபின், தவறு செய்தவரிடம் வசூலிக்கும் உரிமை அந்நிறுவனத்துக்குச் செல்கிறது. பருத்தி நூல் சரக்கு லாரி விபத்தில் சேதமான சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் (2010), ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை விரிவாக விளக்கியது. எனவே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியாமல், ‘முழுத் தீர்வு’ என்று எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுப்பது ஆபத்து. காப்பீட்டுக் கோரிக்கையே மறுக்கப்படலாம். காப்பீடு ஈடுசெய்யாத மீதித் தொகையைத் தவறு செய்தவரிடம் கோரலாம். ஒரே இழப்புக்கு இருமுறை பெற முடியாது.

வீட்டுச் சமையல் எரிவாயு இணைப்புகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள பொதுப்பொறுப்புக் காப்பீடு பலருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பதிவு செய்த முகவரியில் எரிவாயு விபத்து நேர்ந்தால், சொத்துச் சேதத்துக்கு ஒரு நிகழ்வுக்கு 2 லட்சம் ரூபாய் வரை இதில் இடமுண்டு. விநியோகஸ்தருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எங்கே முறையிடுவது

மாவட்டத் தலைநகர் விருதுநகர் ஆனாலும், மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இவ்வூரிலேயே இயங்கிவருகிறது. தவறு செய்தவர் மீது தொடுக்கும் இழப்பீட்டு வழக்கு, கோரும் தொகையைப் பொறுத்து உரிய உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லும். தமிழ்நாட்டில் அதற்கான நீதிமன்றக் கட்டணம் 2017இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வசதியற்றோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கோரலாம்.

நுகர்வோர் ஆணையத்தில், கேட்கும் இழப்பீடு அன்றி, பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய விலையே எல்லையைத் தீர்மானிக்கும். அது 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வணிக நோக்கில் வாங்கிய இயந்திரத்துக்கு நுகர்வோர் உரிமை இல்லை. பிழைப்புக்காகத் தானே தறி ஓட்டுபவருக்கு உண்டு. வணிக நிறுவனம் எடுத்த தீக் காப்பீடும் நுகர்வோர் புகாருக்கு உரியதே என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் (2023) தீர்ப்பாகியுள்ளது.

காவல் நிலையப் புகார் இவற்றுக்கு மாற்று அன்று. தீயைக் கவனக்குறைவாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதா 287ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கான தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தால் எரிந்த தறிகள் திரும்பி வருவதில்லை. எனினும் முதல் தகவல் அறிக்கை பயனுள்ள சான்று.

காலவரம்பு

- நுகர்வோர் புகார்: 2 ஆண்டுகள்
- உரிமையியல் வழக்கு: பொதுவாக 3 ஆண்டுகள்
- காப்பீட்டுத் தொகைக்கான உரிமையியல் வழக்கு: இழப்பு நேர்ந்த நாளிலிருந்தோ, கோரிக்கை மறுக்கப்பட்ட நாளிலிருந்தோ 3 ஆண்டுகள்

பொது அமைப்புகள் எதிர்த்தரப்பாக இருந்தால் 1 ஆண்டே வரம்பு என்ற வாதமும் எழலாம். ஆதலால் முதல் ஆண்டுக்குள்ளேயே வழக்குத் தொடுப்பது பாதுகாப்பானது.

சாம்பல் அள்ளுமுன்

வழக்கின் வெற்றி பெரும்பாலும் முதல் சில நாள்களில் தீர்மானமாகிறது. தீ அணைந்ததும் இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்வது இயல்பு. கருகிய கம்பியும் உருகிய சுவிட்சும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், தீ தொடங்கிய இடத்தைக் காட்ட வேறு வழி இராது. குறையுள்ள பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்புவதற்கு அந்தப் பொருள் இருக்க வேண்டும்.

- எதையும் நகர்த்துமுன் எல்லாப் பக்கமிருந்தும் படமும் காணொளியும் எடுத்தல்
- எரிந்த பொருள், கம்பி, மீட்டர்ப் பெட்டி ஆகியவற்றை மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை அப்படியே வைத்தல்
- காப்பீட்டு நிறுவனம், மின்வாரியம், காவல் நிலையம் ஆகியவற்றுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெறுதல்
- தீயணைப்பு நிலையத்தில் தீ அறிக்கைக்கு விண்ணப்பித்தல்
- தீயை முதலில் கண்டவர்களின் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்தல்
- இருப்புப் பதிவேடு, கொள்முதல் ரசீது, ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக்குக் கொடுத்த சரக்குப் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டுதல்

வங்கிக்கு அதிகமாகவும் வரிக்குக் குறைவாகவும் சரக்கைக் காட்டியிருந்தால் அந்த முரண்பாடு இங்கே வெளிப்படும். கணக்கேடுகளும் அதே கூடத்தில் எரிந்துபோனால் இழப்பை மெய்ப்பிப்பது கடினம். அவற்றின் படிகளை வேறோர் இடத்தில் வைத்திருப்பது செலவில்லாத பாதுகாப்பு.

வருவாய்த் துறை வழங்கும் உடனடி நிவாரணம் அரசின் உதவியே ஆகும். அதைப் பெற்றுக்கொள்வதால், தவறு செய்தவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடுவதில்லை.