வெள்ளிமீன் பூச்சி

நெடுநாள் தொடாத புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் திறக்கும்போது, பளபளப்பான சிறு பூச்சி ஒன்று நெளிந்தோடி மறைவதைப் பலர் கண்டிருப்பர். சிலர் அதைக் கரப்பான்பூச்சிக் குஞ்சு என்று எண்ணுவர். கறையான் வந்துவிட்டதோ என்று அஞ்சுவோரும் உண்டு. உண்மையில் அது வெள்ளிமீன் பூச்சி. மலாய்மொழியில் அதனைக் ‘கெகாட்’ என்பர்.

இப்பூச்சியை அடையாளம் காண்பது எளிது. இது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். உடல் முன்புறம் அகன்று, பின்புறம் கூம்பியிருக்கும். இறக்கைகள் இல்லை. தலையில் இரண்டு நீண்ட உணர்கொம்புகளும் பின்புறம் மூன்று வால் இழைகளும் உண்டு. அந்த மூன்று இழைகளைக் கண்டுவிட்டால் ஐயமே வேண்டாம். இதன் உடலை மூடியுள்ள செதில்கள், தொட்டால் பொடியாக விரலில் ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான பூச்சிகள் முழு வளர்ச்சி அடைந்த பிறகு தோலுரிப்பதில்லை. வெள்ளிமீன் பூச்சியோ வாழ்நாள் முழுவதும் தோலுரித்துக்கொண்டே இருக்கும். இது சில ஆண்டுகள் வாழும். பல மாதங்கள் உணவின்றியும் தாக்குப்பிடிக்கும்.

மாவுச்சத்தே இதன் விருப்ப உணவு. அதனால்தான் புத்தகக் கட்டில் உள்ள பசை, தாள், பருத்தித் துணி, பழைய நிழற்படம் ஆகியவற்றை நாடி வருகிறது. இது மனிதரைக் கடிப்பதில்லை, நோயையும் பரப்புவதில்லை. ஆனால், தாத்தாவின் திருமண நிழற்படத்தை அரித்துவிட்டால், அதற்கு வேறு படி ஏது?

‘இராமபாணப் பூச்சி’ என்றும் இதனை அழைப்பர். அம்பு துளைத்ததுபோல் ஏட்டில் ஓட்டையிடும் பூச்சி என்பது அதன் பொருள். அப்பெயர் இதற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. பக்கங்களை ஊடுருவிச் செல்லும் வட்டத் துளைகளைச் சிறு வண்டுகளின் புழுக்களே இடுகின்றன. வெள்ளிமீன் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டி, ஒழுங்கற்ற வடிவில் அரிக்கிறது.

ஈரப்பதம் மிகுந்த இருட்டு இடமே இதற்கு உகந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், இப்பூச்சிக்கு ஆண்டு முழுவதும் கொண்டாட்டம்தான்.

இதனை விரட்டப் பலர் முதலில் தேடுவது பாச்சை உருண்டை. மலாயில் அதன் பெயரே ‘உபாட் கெகாட்’. காற்றுப் புகாத பெட்டிக்குள்தான் அதன் ஆவி செறிந்து பூச்சியைக் கொல்லும். அடிக்கடி திறந்து மூடும் அலமாரியில் பெரும்பாலும் நெடிதான் மிஞ்சும். பாச்சை உருண்டைகள் பலவற்றில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. இவ்விரு நாடுகளிலும் பிறந்த குழந்தைகளுக்கு இக்குறைபாடு உள்ளதா எனச் சோதிப்பது வழக்கம். உருண்டை போட்டு வைத்திருந்த பாட்டியின் பழைய பருத்திச் சேலையை எடுத்து அப்படியே தொட்டில் கட்டினால், அத்தகைய குழந்தைக்குக் கடும் மஞ்சள்காமாலை வரலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

நஞ்சில்லாத வழிகள் உள்ளன. அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம். கசியும் குழாயைச் சரிசெய்யலாம். ஒரு கண்ணாடிப் புட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றி, உள்ளே ரொட்டித் துண்டு ஒன்றைப் போட்டு இரவில் வைக்கலாம். நாடாவைப் பற்றி ஏறி உள்ளே விழும் பூச்சியால், வழுக்கும் கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது.

பூச்சி புகுந்த புத்தகத்தை நெகிழிப் பையில் இட்டு நன்றாக மூடி, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டைகளும் அழியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. புத்தகத்தின் குளிர் முற்றிலும் தணியும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையெனில், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படிந்துவிடும்.