டெர்மினலில் மேலே போன எரர் மெசேஜ் மாயமாகிறதா? ஸ்க்ரோல்பேக் அளவை மாற்றுவது எப்படி?

லினக்ஸ் டெர்மினலில் பெரிய சாஃப்ட்வேரை பில்ட் செய்தால் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். கடைசியில் தெரியும் எரர் பெரும்பாலும் விளைவுதான். உண்மையான காரணம் எங்கேயோ மேலே இருக்கும். ஸ்க்ரோல் பண்ணிப் போனால் பாதியிலேயே நின்றுவிடும். ஏன் இப்படி?

ஸ்க்ரோல்பேக் என்றால் என்ன?

திரையைத் தாண்டிப் போன வரிகளை டெர்மினல் வைத்திருக்கும் இடம்தான் ஸ்க்ரோல்பேக். அது நிரம்பியதும் பழைய வரிகள் ஒவ்வொன்றாக அழியும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் வரும் பழைய கமாண்டுகள் வேறு. அவற்றை ஷெல் தனியாகச் சேமிக்கிறது.

எதில் எவ்வளவு? எப்படி மாற்றுவது?

* க்னோம் டெர்மினல்: வழக்கமான அளவு 10,000 வரிகள். பிரிஃபரன்சஸில் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து, ஸ்க்ரோலிங் பகுதியில் மாற்றலாம். அங்குள்ள டிக்கை எடுத்துவிட்டால் வரம்பே கிடையாது.
* விஎஸ் கோட்: 1,000 வரிகள். செட்டிங்ஸில் 'ஸ்க்ரோல்பேக்' என்று தேடினால் போதும்.
* டீமக்ஸ்: 2,000 வரிகள். கான்ஃபிக் ஃபைலில் 'ஹிஸ்டரி-லிமிட்' எண்ணைக் கூட்ட வேண்டும். அதன்பின் புதிதாகத் திறக்கும் விண்டோவுக்குத்தான் அது பொருந்தும். டீமக்ஸுக்குள் வேலை செய்யும்போது வெளியே உள்ள டெர்மினலின் வரம்பைக் கூட்டிப் பயனில்லை.

இதை மறக்காதீங்க!

ஏற்கெனவே அழிந்த வரிகள் திரும்ப வராது. அதனால் அளவை முன்கூட்டியே மாற்றுங்கள். மிக முக்கியமான வேலை என்றால் 'டீ' கமாண்ட் மூலம் வெளியீட்டை ஃபைலிலும் சேமிப்பதே பாதுகாப்பு. இன்னொன்று, திரையில் வந்த ரகசிய கீ, டோக்கன் எல்லாமும் ஸ்க்ரோல்பேக்கில் தங்கும். பொதுக் கணினி என்றால் வேலை முடிந்ததும் டெர்மினலை மூடிவிடுங்கள்.