படகில் லித்தியம் பேட்டரியா? உஷார்!

பெட்டியை மட்டும் மாற்றினால் டைனமோ புகையும். நடுக்கடலில் விளக்கு அணையும்

சென்னை,

காசிமேட்டில் தடைக்காலம் வந்துவிட்டால் படகுக்கு ஓய்வு. மெக்கானிக்குக்கு ஓய்வே கிடையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. எஞ்சினைப் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது, வயரை மாற்றுவது எல்லாம் இந்த நாட்களில்தான். பேட்டரி மாற்றுவதும் அப்போதுதான்.

பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"இன்னாப்பா, லித்தியம் போட்டா தாங்குமா?" என்பார் படகுக்காரர்.

"கவலையே படாதீங்கண்ணே. பழச கழட்டிட்டு புதுச மாட்ட வேண்டியதுதான். அரை மணி வேலை!" என்பார் எலக்ட்ரீசியன்.

இந்த "அரை மணி வேலை"யில்தான் ஆபத்தே இருக்கிறது.

ஆசை வருவது ஏன்?

படகில் இரண்டு வகை பேட்டரி உண்டு. ஒன்று, எஞ்சினுக்கு செல்ப் எடுப்பது. மற்றது விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ்., மீன் பார்க்கும் கருவி, செல்போன் சார்ஜ் என்று ராத்திரி முழுக்க கரண்டு கொடுப்பது. லித்தியத்துக்கு மாற்றுவது இந்த இரண்டாவதைத்தான்.

100 ஆம்பியர் ஈய பேட்டரி சுமார் 30 கிலோ இருக்கும். அதில் பாதிக்கு மேல் கரண்டை உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும். 100 ஆம்பியர் என்று பெயர். கைக்கு வருவது 50.

அதே 100 ஆம்பியர் லித்தியம் 12 கிலோ அளவில்தான். 80-க்கு மேல் எடுக்கலாம். சீக்கிரம் சார்ஜ் ஏறும். ஆசிட் ஊற்றும் தொல்லை இல்லை. விலை அதிகம் என்றாலும் உழைப்பதும் அதிகம். ஆசை வராமல் என்ன செய்யும்?

34 பேர் பலி

"பேட்டரிதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

2019-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந்தேதி. அதிகாலை 3 மணி. கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் தீவுக்கு அருகே "கன்செப்ஷன்" என்ற படகு நங்கூரம் பாய்ச்சி நின்றது. கடலுக்கடியில் மூழ்கி வேடிக்கை பார்க்க வந்த 33 பயணிகள் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஊழியரும் அங்கேயே தூங்கினார்.

திடீரென்று தீ! கீழே இருந்து வரும் வழிகள் இரண்டும் தீப்பிடித்த அறையில்தான் முடிந்தன. 34 பேரும் செத்தார்கள். மேல்தளத்தில் இருந்த கேப்டனும் 4 ஊழியர்களும் தண்ணீரில் குதித்துத் தப்பினார்கள்.

தீ எப்படிப் பிடித்தது என்று அரசாங்க விசாரணையில் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பயணிகளின் செல்போன், டார்ச் லைட், கேமரா பேட்டரிகள் வரிசையாக சார்ஜில் கிடந்த பக்கத்தில்தான் தீ தொடங்கியிருக்கிறது. ராத்திரியில் சுற்றிப் பார்க்க காவல் ஆளும் போடவில்லை. கேப்டன் 2023-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2024 மே மாதம் 4 ஆண்டு ஜெயில் கிடைத்தது.

அங்கே சந்தேகத்துக்கு ஆளானது கையளவு பேட்டரிகள். படகில் மாட்டப் போவது பெட்டி பெட்டியாக.

அதற்காக லித்தியமே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. கேரளாவில் வைக்கம் - தவணக்கடவு இடையே 75 பேர் ஏறும் "ஆதித்யா" என்ற சூரிய சக்தி படகு 2017 ஜனவரியில் விடப்பட்டது. அது லித்தியம் பேட்டரியில் ஓடும் படகுதான். ஆனால் அந்தப் படகை லித்தியத்துக்கென்றே கட்டினார்கள். பழைய வயரில் புதுப் பெட்டியைச் சொருகவில்லை.

முதல் பலி டைனமோ

பெட்டியை மட்டும் மாற்றினால் முதலில் அடிபடுவது எஞ்சினோடு ஓடும் டைனமோ. ஆல்டர்னேட்டர் என்றாலும் அதுதான்.

ஈய பேட்டரி கொஞ்சம் நிரம்பியதும் "போதும், போதும்" என்று தானே குறைத்துக்கொள்ளும். டைனமோவும் மூச்சு விடும். லித்தியம் அப்படி இல்லை. கொடுக்கக் கொடுக்க குடிக்கும். கிட்டத்தட்ட நிரம்பும்வரை குடித்துக்கொண்டே இருக்கும். டைனமோ முழு பலத்தையும் மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும். அது அதற்குச் செய்யப்பட்டதல்ல.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்னும் மோசம். டைனமோவின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று பத்தாது. சூடு ஏறும். வயர் மேல் பூசிய வார்னிஷ் கருகும். புகை வரும்.

இதற்கு வழி இருக்கிறது. செல்ப் எடுக்கும் பேட்டரி பழைய ஈயமாகவே இருக்கட்டும். டைனமோவின் வயரை அதற்கே கொடுக்க வேண்டும். அதிலிருந்து லித்தியத்துக்கு "டி.சி.-டி.சி. சார்ஜர்" என்ற பெட்டி வழியாக 30 ஆம்பியர் மாதிரி அளந்து அனுப்ப வேண்டும். டைனமோ பிழைத்துக்கொள்ளும். லித்தியம் மக்கர் செய்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கரைக்கு வந்துவிடலாம்.

காசு இருப்பவர்கள், டைனமோவின் சூட்டைப் பார்த்துத் தானே குறைக்கும் ரெகுலேட்டரை வெளியே மாட்டுவார்கள். அதுவும் சரிதான்.

ஈயத்தையும் லித்தியத்தையும் நேராக ஒரே வயரில் இணைத்துவிட்டு "இரண்டும் சேர்ந்து உழைக்கட்டும்" என்று விடுவது மட்டும் கூடவே கூடாது.

திடீர் இருட்டு

லித்தியம் பெட்டிக்குள் ஒரு காவல்காரன் உண்டு. பி.எம்.எஸ். என்பார்கள். சார்ஜ் மீறினாலோ, அடியோடு இறங்கினாலோ, சூடு ஏறினாலோ கரண்டை வெட்டிவிடுவான். பேட்டரியைக் காப்பாற்றுவது அவன் வேலை. படகைக் காப்பாற்றுவது அவன் வேலை அல்ல!

எஞ்சின் ஓடும்போது அவன் படாரென்று வெட்டினால் டைனமோவின் கரண்டுக்குப் போக்கிடம் இல்லை. வோல்ட் எகிறும். டைனமோவின் டயோடு போகும். கூடவே வயர்லெஸ், ஜி.பி.எஸ். போகலாம். செல்ப் பேட்டரி குறுக்கே இருந்தால் அந்த அடியை அது தாங்கிக்கொள்ளும்.

எஞ்சின் நிற்கும்போது வெட்டினால் விளக்கு அணையும். வலை போட்டுவிட்டு ஆட்கள் தூங்கும் நேரம். சென்னை, எண்ணூர் துறைமுகங்களுக்கு சரக்குக் கப்பல் வந்து போகும் பாதை. விளக்கில்லாத படகு கப்பல்காரன் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் படகு தர கவுன்சில் 2022-ல் லித்தியத்துக்கென்றே தனி விதி போட்டது. வெட்டுவதற்கு முன் மணி அடிக்க வேண்டும் அல்லது சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்கிறது அந்த விதி. முக்கியமான விளக்குகளுக்கு வேறு வழியில் கரண்டு கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேட்டரி வாங்கும்போது "வெட்டுவதற்கு முன் சத்தம் கொடுக்குமா?" என்று கடையில் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. ஈய பேட்டரியில் மீட்டர் முள்ளைப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். லித்தியம் முக்கால்வாசி காலியான பிறகும் 13 வோல்ட் பக்கத்திலேயே காட்டும். அப்புறம் தொப்பென்று விழும். எத்தனை ஆம்பியர் போயிற்று, வந்தது என்று எண்ணும் தனி மீட்டர் அவசியம் வேண்டும்.

ஒரு சாண் தூரம்

பியூஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் உயிருக்கு உலை வைக்கும்.

லித்தியம் பெட்டிகள் நாலைந்தைச் சேர்த்து மாட்டிய இடத்தில் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதா பியூஸ் உருகினாலும் அந்த இடைவெளியில் நெருப்பு தாவி, கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு "கிளாஸ் டி" என்ற பியூஸ்தான் சரி. 20 ஆயிரம் ஆம்பியர் பாய்ந்தாலும் அறுத்துவிடும். பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் அதை வைக்க வேண்டும். ஒரு சாண்கூட வராத தூரம்.

வயர் பெருத்திருக்க வேண்டும். லக் நன்றாகக் கடித்திருக்க வேண்டும். படகு அதிரும் அதிர்ச்சியில் நட்டு தளர்ந்தால் அந்த இடமே அடுப்பாகும்.

சார்ஜரையும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரைதான் மேல் எல்லை. ஈயத்துக்கான சில சார்ஜர்கள் 15-க்கு மேல் ஏற்றி பேட்டரியைக் கழுவும். அந்தச் சுவிட்சை அணைத்தே தீர வேண்டும். சோலார் பலகை இருந்தால் அதன் கன்ட்ரோலருக்கும் இதே கணக்கு. 24 வோல்ட் படகென்றால் எல்லாம் இரண்டு மடங்கு.

எதை வாங்குவது?

லித்தியத்திலும் பல ஜாதி உண்டு. படகுக்கு ஏற்றது இரும்பு பாஸ்பேட் வகை. மற்றவற்றைவிட சூட்டைத் தாங்கும். எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. ஸ்கூட்டரில் கழித்துப் போட்ட செல்களை ஒட்டி, டேப் சுற்றி, மலிவு விலையில் வரும் பெட்டியை படகில் ஏற்றவே கூடாது.

எஞ்சின் அறை வேண்டாம். வெக்கை ஆகாது. படகின் அடியில் தேங்கும் உப்புத் தண்ணீர் எட்டாத உயரத்தில், காற்றோட்டமாக, அசையாமல் கட்ட வேண்டும். ஆட்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

ஒருவேளை புகைந்தால்? அந்தப் புகை விஷம். வெடிக்கவும் செய்யும். நார்வேயில் 2019 அக்டோபரில் "யெட்டராய்னிங்கன்" என்ற பயணிகள் படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. அடங்கிவிட்டது என்று நினைத்த பிறகு, மறுநாள் கீழ்த்தளத்தில் டமார் என்று வெடித்தது. ஆகவே குனிந்து எட்டிப் பார்க்கக்கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, ஆட்களை மேலே ஏற்றி, காற்று வரும் பக்கம் நிறுத்தி, தூரத்திலிருந்து தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அணைந்த மாதிரி இருந்து திரும்பப் பிடிக்கும்.

வேலை முடிந்ததும் ஜெட்டியிலேயே எஞ்சினை ஒரு மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு, டைனமோவின் சூட்டைப் பார்த்துவிடுவது நல்லது. பிறகு எல்லா நட்டையும் இன்னொரு தரம் முடுக்க வேண்டும்.

கழட்டிய ஈய பேட்டரியின் ஆசிட்டை துறைமுகத் தண்ணீரில் கொட்டுவது சட்டப்படி குற்றம். புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.