இரைச்சலின்றிக் கணிப்பொறியைக் குளிர்விப்பது எப்படி?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது கண்ணமங்கலம். பட்டுச் சேலை நெய்யும் ஊர். பகல் முழுவதும் தெருவில் தறி ஓசை கேட்கும். என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இங்கே சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் கணிப்பொறியில் டிசைன் வரைந்து கொடுக்கிறார். அதற்காக இரண்டு செயலிகள் கொண்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் கணிப்பொறி ஒன்றை மலிவாக வாங்கியிருந்தார்.

பங்குனி வெயில் தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. பிற்பகலில் கணிப்பொறி தானாகவே நின்றுவிடும். சேமிக்காத வேலை வீணாகும். இரவில் தறிகள் ஓய்ந்த பிறகோ அதன் விசிறிகள் இரைவது மட்டும் கேட்கும். அதே அறையில் அவர் தங்கை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, அதை நிறுத்து, இல்லையென்றால் நான் படிக்க முடியாது" என்பாள். நிறுத்தினால் மறுநாள் கொடுக்கவேண்டிய டிசைன் முடியாது. "என்ன செய்யலாம் சார்?" என்று கேட்டு வந்தார்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. ஒரு செயலி 100 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். இரண்டு செயலிகளுக்கு 200 வாட்; பிற உறுப்புகளையும் சேர்த்தால் 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பத்தை அழிக்க இயலாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பத்தான் முடியும்.

இவ்வெப்பத்தைச் சுமந்து செல்வது காற்று. காற்றின் வெப்பநிலை 10 டிகிரி மட்டுமே உயரவேண்டும் என்றால், நொடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்று பெட்டியினூடே செல்ல வேண்டும். இரண்டு குடம் நீரின் அளவு! இதே வேலையைச் செய்ய நீருக்கு நொடிக்கு 7 மில்லிலிட்டர் போதும். பெரிய கணிப்பொறிக் கூடங்கள் பலவற்றில் நீரைப் பயன்படுத்துவது இதனால்தான்.

குழாய்க்குள் கொதிக்கும் நீர்

செயலியின் பரப்பு மிகச் சிறியது. அதிலிருந்து வெப்பத்தை விரைவாக எடுத்து, அகன்ற பரப்பில் பரப்ப வேண்டும். செயலியின்மேல் செம்புத் தகடு பொருந்தியிருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்று தங்கினால் வெப்பம் தடைப்படும். ஏனெனில், செம்போடு ஒப்பிட்டால் காற்றின் வெப்பக் கடத்தும் திறன் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த இடைவெளிகளை நிரப்பவே 'தெர்மல் பேஸ்ட்' என்ற பசையைத் தடவுகிறார்கள். நம் கணிப்பொறியில் அது காய்ந்து போயிருந்தது.

செம்புத் தகட்டிலிருந்து அலுமினியத் தகடுகளுக்கு வெப்பத்தைக் கொண்டு செல்வது வெப்பக் குழாய். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் இதை உருவாக்கினார். இரு முனைகளும் மூடிய செம்புக் குழாயில் காற்றை நீக்கிவிட்டுச் சிறிது நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாதலால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிறது. ஆவி மறுமுனையில் குளிர்ந்து நீராகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, குழாயின் உட்சுவர் நுண்துளைகள் வழியே அந்நீர் திரும்புகிறது. நொடிக்கு ஒரு கிராமில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நீர் ஆவியானாலே சுமார் 100 வாட் வெப்பம் கடந்துவிடும். இதில் ஓசையே இல்லை!

விசிறி பெரிதானால் ஓசை ஏன் குறைகிறது?

பனையோலை விசிறியால் மெல்ல வீசினாலே போதிய காற்று வரும். அதே காற்றைச் சிறு அட்டைத் துண்டால் பெற, எவ்வளவு வேகமாக வீச வேண்டும்! மின்விசிறிக்கும் இது பொருந்தும். விசிறி அனுப்பும் காற்றின் அளவு, சுழலும் வேகத்துக்கும் விட்டத்தின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். 80 மி.மீ. விசிறி நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்று தரும் காற்றை, 120 மி.மீ. விசிறி சுமார் 900 சுழற்சியிலேயே தந்துவிடும்.

ஓசையோ வேகத்தின் ஐந்தாம் மடியை ஒட்டி ஏறுகிறது. ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும்; ஓசையின் திறனோ முப்பத்திரண்டில் ஒரு பங்காகும். அதாவது சுமார் 15 டெசிபல் குறையும். ஆனால் மெதுவாகச் சுழலும் விசிறியின் அழுத்தம் குறைவு. ஆகவே தகடுகளுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும். தூசி அடையக் கூடாது.

இரண்டாவது செயலியின் சிக்கல்

நம் கணிப்பொறியில் ஒரு செயலிக்குப் பின்னால் மற்றொன்று இருந்தது. முதலாவது விட்ட சூடான காற்றே இரண்டாவதற்குக் கிடைத்தது. நொடிக்கு 10 லிட்டர் காற்று 100 வாட் செயலியைக் கடந்தால் 9 டிகிரி சூடேறும். அறை 40 டிகிரி என்றால் இரண்டாவது செயலிக்கு வருவது 49 டிகிரிக் காற்று!

மின் இணைப்பை நீக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். தகடுகளில் பட்டு இழையும் தூசியும் அடைந்திருந்தன. அவற்றை நீக்கிப் புதிய பசை தடவினோம். சிறு விசிறிகளை அகற்றி, வெப்பக் குழாயுள்ள தகட்டு அடுக்குகளையும் 120 மி.மீ. விசிறிகளையும் பொருத்தினோம். அட்டைத் தடுப்பு ஒன்று வைத்து, ஒவ்வொரு செயலிக்கும் புதுக்காற்று தனித்தனியே வரச் செய்தோம். அதிர்வு பெட்டிக்குப் பரவாமலிருக்க ரப்பர் வளையங்கள் இட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய மர அலமாரிக்குள் தான் விட்ட சூட்டையே தான் உறிஞ்சிக்கொண்டிருந்த கணிப்பொறியைச் சன்னல் ஓரத்துக்கு மாற்றினோம்.

இப்போது பிற்பகலில் விசிறிகள் சற்று வேகமாகச் சுழல்கின்றன, கணிப்பொறி நிற்பதில்லை. இரவில் அவை சுழல்வதே தெரிவதில்லை. தங்கையும் தேர்வுக்குப் படித்து முடித்தாள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. விசிறி எவ்வளவு நல்லதாயினும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் செயலியை ஆக்க முடியாது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் 'கப்ரு' என்ற கணிப்பொறித் தொகுதி இயங்கியது. இரண்டு செயலிகள் வீதம் 144 கணிப்பொறிகள் அதில் இணைந்து, நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குகளைச் செய்தன. அத்தனையும் ஒரே கூடத்தில் வெப்பத்தைக் கொட்டும்போது, அவ்வெப்பத்தைக் கூடத்துக்கு வெளியேயும் அனுப்பியாக வேண்டுமல்லவா?

உங்கள் பள்ளிக் கணிப்பொறி இயங்கும்போது அதன் பின்புறம் ஒரு வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூடுதலாக இருந்தால், காற்றின் வழியில் எங்கோ தடை இருக்கலாம். அது எங்கே என்று தேடத் தொடங்குங்கள்!